பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வாங்கலாமா? லினக்ஸில் ஒலியைக் கலப்பது கார்டா, கணினியா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தலவாக்கலைப் பக்கம் உங்கள் தோட்டத்து வாசிகசாலையில் லினக்ஸ் மின்ட் போட்ட ஒரு டெஸ்க்டொப் இருக்கிறது. திருவிழாவுக்குக் கோயில் ஸ்பீக்கருக்குப் பாட்டும், பதிந்து வைத்த அறிவித்தலும் அதிலிருந்துதான் போகின்றன. மாசியில் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காமன் கூத்துப் பாட்டுகளைத் தப்புப் பறையோடு ஒடாசிட்டி என்ற பதிவு நிரலில் பதிகிறீர்கள். பாட்டு ஓடும்போது அறிவித்தலும் சேர்ந்தால் சத்தம் உடைகிறது. பதியும்போது பாடுகிறவரின் குரல் அவருடைய ஹெட்போனிலேயே பிந்திக் கேட்கிறது. கொழும்பில் கணினிக் கடையில் வேலை செய்த உங்கள் மாமா, ஹார்ட்வெயார் மிக்சிங் (ஒலிகளைக் கார்டே கலக்கும் வசதி) உள்ள பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் ஒலிக் கார்ட் ஒன்றைப் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். கண்டியில் ஒருவரிடம் ஒன்று விலைக்கு இருக்கிறது. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். மாமா சொல்வது பொய்யில்லை. 2002ஆம் ஆண்டில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு உங்களுக்கு இருக்கிற இரண்டு பிரச்சினைகளில் ஒன்றைக்கூட அந்தக் கார்ட் தீர்க்காது. இரண்டாவது பிரச்சினைக்கு மருந்து ஹார்ட்வெயாரில்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு ஹார்ட்வெயார். ஒருவேளை உங்கள் மதர்போர்டிலேயே சும்மா கிடக்கலாம்.

ஒலியைக் கலப்பது என்றால் கூட்டல் கணக்குத்தான். கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை. வழக்கமாக இடது பக்கத்துக்கு வினாடிக்கு 48,000 எண்கள், வலது பக்கத்துக்கு இன்னொரு 48,000. பாட்டும் அறிவித்தலும் ஒன்றாகக் கேட்கவேண்டுமானால், பாட்டின் இந்தக் கணத்து எண்ணையும் அறிவித்தலின் இந்தக் கணத்து எண்ணையும் கூட்டி, வந்த விடையை ஸ்பீக்கர் பக்கம் அனுப்பவேண்டும். ஒரு ஒலியோட்டத்துக்கு வினாடிக்கு 96,000 கூட்டல்கள். பத்து ஓட்டங்கள் சேர்ந்தாலும் பத்து லட்சத்துக்குக் கிட்டத்தான். உங்கள் வாசிகசாலைக் கணினி எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதன் ஒரு கோர் வினாடிக்குப் பல கோடிக் கணக்குகளைச் செய்யும். சொஃப்ட்வெயார் மிக்சிங் கணினியின் பலத்தை உறிஞ்சிவிடும் என்ற பயம் பழைய பென்டியம் காலத்தோடு போய்விட்டது.

இந்தக் கூட்டலை யார் செய்வது என்பதுதான் இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம். 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவில் இஎம்யு10கே1 என்ற சிப் இருந்தது. ஒரே நேரத்தில் 64 ‘குரல்களை’, அதாவது ஒற்றை ஒலியோட்டங்களை, இயக்கக்கூடியது. பல நிரல்கள் தனித்தனியாகத் தங்கள் எண்களை நினைவகத்தில் வைத்துவிட்டுப் போகும். சிப் தானாகவே அவற்றை இழுத்து, கூட்டி, வெளியே விடும். அதற்கு முன்னால் 1992இல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்டும் இந்த வேலையைச் செய்தது. ஆரியல் வோர்டெக்ஸ், யமஹாவின் டிஎஸ்-1, டிரைடன்ட் 4டிவேவ் என்று அந்தக் காலத்தில் இந்த வகையில் இன்னும் சில இருந்தன. டெர்மினலில் ‘ஏபிளே’ கட்டளைக்குச் சிறிய எல் விருப்பத்தைக் கொடுத்தால் (aplay -l) ஒவ்வொரு கார்டிலும் எத்தனை உபசாதனங்கள், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை நிரல்களுக்கு இடம், என்று காட்டும். லைவ் கார்டில் 32க்கு 32 என்று வரும். உங்கள் மதர்போர்டில் உள்ளதற்கு 1க்கு 1 என்று வரும். மாமா இந்த 32ஐ மனதில் வைத்துத்தான் பேசுகிறார்.

அந்த 32 ஏன் அன்றைக்குப் பொன்னாகத் தெரிந்தது என்றால், லினக்ஸில் அப்போது இருந்தது ஓஎஸ்எஸ் என்ற ஒலி அமைப்பு. சாதாரணக் கார்டில் எந்த நிரல் முதலில் ஒலிச் சாதனத்தைத் திறக்கிறதோ, அது மூடும்வரை வேறு யாருக்கும் இடமில்லை. பாட்டு ஓடினால் அரட்டை நிரலின் மணி அடிக்காது. உலாவியில் ஒரு விளம்பரம் ஒலியைப் பிடித்துக்கொண்டால் பாட்டு நிரல், ‘சாதனம் வேலையாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கும். லைவ் கார்ட் வைத்திருந்தவனுக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. சொஃப்ட்வெயார் பக்கமும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. இஎஸ்டி என்று ஒன்று, கேடிஈ மேசைச்சூழலுக்கு ஏஆர்ட்ஸ் என்று இன்னொன்று, இரண்டுமே கலக்கிக் கொடுக்கும் நிரல்கள். ஆனால் ஒன்றோடு பேசத்தெரிந்த நிரலுக்கு மற்றதோடு பேசத்தெரியாது. இரண்டும் ஒன்றாக ஓடினால் யார் கார்டைப் பிடிப்பது என்று அவற்றுக்குள்ளேயே சண்டை. அந்தக் கூத்தைப் பார்த்தவர்கள் ஹார்ட்வெயார் மிக்சிங்தான் ஒரே வழி என்று முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை.

செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா கிராவிஸ் கார்டை இயக்க எழுதிய டிரைவர்தான் 1998இலிருந்து அல்சாவாக வளர்ந்தது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கேர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், அது முறையான ஒலி அமைப்பாக உட்கார்ந்தது. அல்சாவுக்குள்ளேயே ‘டிமிக்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. நிரல்கள் எல்லாம் ஒரு பொது நினைவகப் பகுதியில் தங்கள் எண்களைத் தாங்களே கூட்டிவிட்டுப் போகும். நடுவில் காவல்காரன் நிரல் ஒன்றும் தேவையில்லை. 2005இல் அல்சா நூலகத்தின் 1.0.9 பதிப்போடு, ஹார்ட்வெயார் மிக்சிங் இல்லாத கார்ட்களுக்கு இது தானாகவே இயங்கத் தொடங்கியது. ஓஎஸ்எஸ் வழியாகவே பேசிய சில பழைய நிரல்களைத் தவிர்த்தால், ‘ஒரு நேரத்தில் ஒரு நிரல்’ என்ற கதை அதோடு முடிந்தது. மாமாவின் ஆலோசனைக்கும் அந்த வருடத்தோடு வயதாகிவிட்டது.

கார்ட் செய்கிறவர்களும் அந்தப் பாதையை விட்டுவிட்டார்கள். இன்டெல் 1997இல் ஏசி97 என்ற தரத்தைக் கொண்டுவந்தது, 2004இல் எச்டி ஒடியோவைக் கொண்டுவந்தது. எண்ணை மின் அலையாக மாற்றுகிற சின்னச் சிப் ஒன்றை மட்டும் மதர்போர்டில் ஒட்டி, மற்ற வேலையை எல்லாம் பிராசசரிடம் விடுவதுதான் இரண்டின் வழியும். அப்புறம் விண்டோஸ் விஸ்டா வந்தது. சிப்பிடம் நேரே கலக்கக் கொடுக்கிற டைரக்ட்சவுண்ட் பாதையை அது எடுத்துவிட்டது. கணினி விளையாட்டு ஆடுகிறவர்கள் வாங்கவில்லையென்றால் அந்தச் சிப்பைச் செய்வதில் லாபமில்லை. கிரியேட்டிவின் எக்ஸ்-ஃபை 2005இல் வந்தது; அந்த வரிசையின் கடைசிப் பெரிய பெயர் அதுதான் என்பேன்.

தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்ட்வெயாரில் கலந்தால் சத்தம் சுத்தமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இன்றைக்கும் சுற்றுகிறது. லைவ் கார்டின் சிப் உள்ளே 48,000 என்ற ஒரே வேகத்தில்தான் வேலை செய்யும். சிடியிலிருந்து எடுத்த பாட்டு 44,100 வேகத்தில் இருக்கும். அதைச் சிப் தன் வழியில் மாற்றித்தான் கலக்கும், அந்த மாற்றத்தின் தரத்தை நீங்கள் தொடவே முடியாது. இன்றைய லினக்ஸில் ஒலியைக் கலக்குகிற பைப்வயர் என்ற நிரல் 32-பிட் மிதவைப் புள்ளி எண்களில் கூட்டுகிறது. வேக மாற்றத்தின் தரத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம், கார்ட் இடம் கொடுத்தால் பாட்டின் வேகத்துக்கே கார்டை மாற்றவும் சொல்லலாம். கணக்கின் சுத்தம் என்று பார்த்தால் சொஃப்ட்வெயார் எப்போதோ முந்திவிட்டது.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். அதில் இப்போது கலக்கிக்கொண்டிருப்பது யார் என்று முதலில் தெரியவேண்டும். ‘பிஏசிடிஎல் இன்ஃபோ’ (pactl info) என்று கட்டளை கொடுத்தால் சேர்வர் பெயர் என்று ஒரு வரி வரும்; சேர்வர் என்பது ஒலியைக் கலக்கிக் கொடுக்கும் நிரல். வெறும் பல்ஸ்ஒடியோ என்றிருந்தால் பழைய ஏற்பாடு. அதற்குப் பக்கத்தில் பைப்வயரின் பெயரும் இருந்தால் புதியது. லெனார்ட் பொட்டரிங் எழுதிய பல்ஸ்ஒடியோ 2007இல் ஃபெடோரா 8, 2008இல் உபுண்டு 8.04 என்ற லினக்ஸ் பதிப்புகளில் வழக்கமான ஒலிச் சேர்வராக வந்தது. வந்த புதிதில் அது வாங்கிக்கட்டிய திட்டு கொஞ்சமில்லை. அதில் பாதி, அதுவரை யாரும் சோதித்துப் பார்க்காத டிரைவர்களின் பிழைகளுக்காக அது வாங்கிய திட்டு என்பது என் கணிப்பு. விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயரை ஃபெடோரா 34 தன் 2021 பதிப்பில் எடுத்துக்கொண்டது. மின்டில் 22ஆம் பதிப்பிலிருந்து அதுதான். உங்களுடையது 21 என்றால் இன்னும் பல்ஸ்ஒடியோதான் இருக்கும்.

இனி அந்த ‘உடைகிற’ சத்தம். உடைவது என்று நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். காதைக் கொடுத்துக் கேட்டால் இரண்டு வகை. ஒன்று, சத்தம் கூடுகிற இடங்களில் மட்டும் கரகரவென்று கிழிவது. மற்றது, சத்தம் கூடினாலும் குறைந்தாலும் இடையிடையே ‘டக்’, ‘டக்’ என்று வெட்டுவது. இரண்டுக்கும் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. பாட்டும் அறிவித்தலும் சேரும்போது உடைகிறது என்கிறீர்கள். 16-பிட் ஒலியில் எண்ணின் எல்லை 32,767. இந்தக் காலத்துப் பாட்டுகளை எல்லாம் அந்த எல்லையைத் தொடுகிற அளவுக்கு ஏற்றித்தான் வெளியிடுகிறார்கள். ஏற்கனவே எல்லையைத் தொடுகிற பாட்டின்மேல் இன்னொரு முழு உயர அறிவித்தலைக் கூட்டினால், கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டி 6 டெசிபல்வரை போகலாம். பல்ஸ்ஒடியோவோ பைப்வயரோ உள்ளே அதைத் தாங்கும். கார்டுக்குப் போகிற வாசலில் எண் திரும்பவும் முழு எண்ணாகவேண்டும். எல்லைக்கு மேலே உள்ளதெல்லாம் அங்கே வெட்டுப்படும். அலையின் தலை தட்டையாகும். அதைத்தான் நீங்கள் கரகரப்பாகக் கேட்கிறீர்கள். லைவ் கார்டிலும் கூட்டினால் கூட்டுத்தொகை அதேதான். எந்தச் சிப் கூட்டினாலும் வாசலின் உயரம் மாறாது.

ஆகவே பாவுகன்ட்ரோல் (pavucontrol) என்ற நிரலைப் போட்டுத் திறங்கள். முதல் பக்கத்தில் ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வழுக்கி இருக்கும், அதற்குக் கீழே ஒலியோடு துள்ளுகிற ஒரு கோடு இருக்கும். பாட்டை 80 சதவீதத்துக்கும், அறிவித்தலை ஓடவிடும் நிரலையும் 80 சதவீதத்துக்கும் இறக்குங்கள். 80 என்றால் ஐந்தில் நாலு பங்கு என்று நினைக்காதீர்கள். காதுக்குப் பொருந்த அந்தச் சதவீதத்தின் முப்படியை எடுத்துத்தான் பெருக்குகிறார்கள், 0.8இன் முப்படி 0.512. அதாவது அலையின் உயரம் ஏறக்குறையப் பாதி. பக்கத்தில் கழித்தல் 5.81 டெசிபல் என்று காட்டும். இரண்டு பாதிகளைக் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றுதான், அநேகமாக எல்லைக்குள் நிற்கும். குறைந்த சத்தத்தை ஆம்பிளிஃபயரில் ஏற்றிக்கொள்ளுங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது. அப்படியே வெளியீட்டுப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். மின்டின் ஒலி அமைப்பில் 100ஐத் தாண்டி 150வரை ஏற்ற இடமுண்டு. திருவிழா இரவில் யாராவது ஒரு தம்பி அதை உச்சிவரை தள்ளிவிட்டுப் போயிருப்பான். 150 என்றால் மூன்று மடங்குக்கு மேல். அங்கே எந்தப் பாட்டும் உயிரோடு வெளியே வராது.

இரண்டாவது வகை, அந்த ‘டக்’ வெட்டு, நேரத்தோடு சம்பந்தப்பட்டது. கார்ட் எண்களை நிற்காமல் தின்றுகொண்டே இருக்கும். சேர்வர் ஒரு தட்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையைப் போட்டுவைக்கும். அது தீருமுன் அடுத்த தட்டு வரவேண்டும். பிராசசர் வேறு எதிலோ மாட்டி அடுத்த தட்டு பிந்தினால் கார்டுக்கு ஒன்றுமில்லை, அங்கேதான் வெட்டு. பைப்வயர் இருந்தால் ‘பிடபிள்யூ-டொப்’ (pw-top) என்று கட்டளை கொடுங்கள். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு வரியாக ஓடும், பிழை எண்ணிக்கைக்கு என்று ஒரு நிரல்பத்தி இருக்கும். பாட்டு ஓடும்போது வேறு ஏதாவது திறந்து பாருங்கள், உலாவியில் ஒரு வீடியோ போதும். அந்த எண் ஏறினால் தட்டு பிந்துகிறது என்று அர்த்தம். ஏறாமலே சத்தம் கெட்டால் மேலே சொன்ன முதல் வகைக்குத் திரும்பிப் போங்கள்.

ஏறுகிறது என்றால், பாட்டுப் போடுகிற வேலைக்கு வேகம் தேவையில்லை, பெரிய தட்டு போதும். பைப்வயர் அதைக் குவாண்டம் என்கிறது. வழக்கமாக 1024 எண்கள், 48,000 வேகத்தில் அது 21.3 மில்லிவினாடி. 2048 ஆக்கினால் 42.7 மில்லிவினாடி அவகாசம் கிடைக்கும். ஸ்பீக்கரில் பாட்டு அவ்வளவு பிந்தினால் கோயிலடியில் யாருக்குத் தெரியப்போகிறது? ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா’ (pw-metadata) கட்டளையால் இதைத் தற்காலிகமாக மாற்றலாம், கட்டமைப்புக் கோப்பில் போட்டால் நிலையாக நிற்கும்.

உடைவதோடு சேர்த்துப் பேசப்படுகிற இன்னும் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. பாட்டு நின்றிருக்கும்போது அறிவித்தலைப் போட்டால் தொடக்கம் விழுங்கப்பட்டு, ‘பக்தகோடிகளே’ என்பது ‘கோடிகளே’ என்று வருகிறதா? அது கலப்பு வேலை இல்லை. சில வினாடி சத்தமில்லாவிட்டால் ஒலிச் சாதனம் தூங்கப்போகும், எழும்ப நேரமெடுக்கும். கேர்னலின் எச்டி ஒடியோ டிரைவரில் மின்சேமிப்பைப் பூச்சியமாக்கி, பைப்வயரோடு வருகிற வயர்பிளம்பரிலும் தூங்கும் நேரத்தை எடுத்துவிட்டால் போதும். சோம்பேறிக்கு இன்னொரு வழி, அறிவித்தல் கோப்பின் முன்னால் இரண்டு வினாடி மௌனத்தை ஒட்டிவைப்பது. அடுத்தது, ஸ்பீக்கரில் எப்போதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். அது நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். கணினிக்கும் ஆம்பிளிஃபயருக்கும் எர்த் இரண்டு வழியாகப் போய் வளையமாகும்போது வருவது. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் குத்திப் பாருங்கள். போகாவிட்டால் ஒலிக்கம்பியின் நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபோமர் ஒன்றைப் போடுங்கள். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிறவர்களைத் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்த மேடையில், மைக்கைக் கையில் பிடித்து ஒரு மனிதன் பாடுகிறான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பதிவுப் பிரச்சினைதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் ஹார்ட்வெயார் மிக்சிங் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற இடம் இதுதான். பெரியவர் பாடுகிறார். மைக்கிலிருந்து போன குரல் எண்ணாக மாறி, ஒரு தட்டு நிறையும்வரை காத்திருந்து, ஒடாசிட்டிக்குப் போய், திரும்ப இன்னொரு தட்டில் ஏறி, ஹெட்போனுக்கு வருகிறது. போக ஒரு தட்டு, வர ஒரு தட்டு. 1024 என்ற கணக்கில் அதுவே 40 மில்லிவினாடிக்கு மேல், யுஎஸ்பியும் டிரைவரும் எடுக்கிற நேரம் தனி. பேசுகிறவர் சமாளிப்பார். தப்பு அடிக்கிறவரால் முடியாது. தன் அடி தனக்கே பிந்திக் கேட்டால் கை தன்னால் மெதுவாகும். பத்து அடிக்குள் தாளம் சரிந்துவிடும். குவாண்டத்தை 128 ஆக்கினால் ஒரு தட்டு 2.7 மில்லிவினாடிதான், ஆனால் பழைய கணினியில் அந்த வேகத்துக்குத் தட்டு மாற்றினால் வெட்டு விழத் தொடங்கும்.

இதற்கு வழி, குரலைக் கணினிக்குள் சுற்றவிடாமல், மைக் வருகிற இடத்திலேயே ஹெட்போனுக்குத் திருப்புவது. கணினிக்குப் பதிவுக்காக ஒரு பிரதி போகட்டும், காதுக்கு நேர்வழி. உங்கள் மதர்போர்டின் கோடெக் சிப்பிலேயே, அதாவது எண்ணை மின் அலையாக மாற்றுகிற அந்தச் சின்னச் சிப்பிலேயே, இந்த வசதி இருக்கலாம். டெர்மினலில் ‘அல்சாமிக்சர்’ (alsamixer) திறந்து, எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். பிளேபேக் பக்கத்தில் மைக் என்று ஒரு தூண் நின்றால் அதுதான். கீழே எம்எம் என்றிருந்தால் மூடியிருக்கிறது; எம் விசையை அழுத்தித் திறந்து கொஞ்சம் ஏற்றுங்கள். சில சிப்களில் லூப்பேக் மிக்சிங் என்று தனியாக ஒரு விசையும் இருக்கும். இப்போது மைக்கில் பேசினால் கணினியைச் சுற்றாமல் ஹெட்போனில் உடனே கேட்கவேண்டும். அதோடு ஒடாசிட்டியில் சொஃப்ட்வெயார் பிளேத்ரூவை (பதியும் ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் விருப்பம்) மறக்காமல் அணையுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டு தரம் கேட்கும். ஸ்பீக்கர் ஓடும்போது இந்தத் தூணை ஏற்றினால் ஊளைதான் வரும், ஹெட்போன் போட்டபிறகு மட்டும் தொடுங்கள்.

அந்தத் தூண் இல்லையென்றால், கண்டிக் கார்டுக்கு வைத்திருக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, டைரக்ட் மொனிட்டர் (மைக் ஒலியை நேரே ஹெட்போனுக்குத் தரும் வசதி) உள்ள சின்ன யுஎஸ்பி ஒடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றைத் தேடுங்கள். பெஹ்ரிங்கர் யுஎம்சி22, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லட் சோலோ மாதிரி. லினக்ஸில் தனி டிரைவர் போடத் தேவையில்லை, செருகினால் வேலை செய்யும். ஃபோகஸ்ரைட்டின் பெரிய மொடல்களுக்குள் முழு மிக்சரே இருக்கிறது. அதை லினக்ஸிலிருந்து இயக்க ஜெஃப்ரி பென்னட் டிரைவரும், அதற்கு ஒரு வரைகலை நிரலும் எழுதிக்கொடுத்திருக்கிறார். ஆர்எம்ஈ கார்ட்களும் பழைய எம்-ஒடியோ டெல்டாவும் இதே வம்சம். டெல்டாவில் இருந்த ஐசிஈ1712 சிப்புக்குள் 36-பிட் கணக்கில் கூட்டுகிற மிக்சர் இருந்தது. இவற்றில் ஹார்ட்வெயார் மிக்சர் இருப்பது மைக் ஓசையை நேரம் கடத்தாமல் திருப்பித் தரத்தான். பத்து நிரல்கள் ஒன்றாகச் சத்தம் போடுவதற்கு அதன் உதவி தேவையே இல்லை.

பதியும்போது இன்னொன்றையும் பாருங்கள். தப்பின் அடி மிகக் கூர்மை. ஒடாசிட்டியின் அளவுகோலில் சராசரி தாழ்வாகத் தெரிந்தாலும் அடியின் முதல் முனை சட்டென்று எல்லையைத் தொட்டுவிடும். பதிவில் வெட்டுப்பட்டதைப் பிறகு எந்தக் கலப்பாலும் மீட்க முடியாது. வேகமான அடியை ஒருமுறை முழுப் பலத்தோடு அடிக்கச் சொல்லி, உச்சம் கழித்தல் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி மைக்கின் அளவை வையுங்கள். குரலுக்கு முடிந்தால் வேறு மைக்.

யுஎஸ்பி இன்டர்ஃபேசில் பதிந்துகொண்டு, மதர்போர்டின் பச்சைத் துளையில் ஸ்பீக்கரை வைத்துக் கேட்பது என்றும் நினைக்காதீர்கள். இரண்டும் 48,000 என்று சொல்லிக்கொண்டாலும் இரண்டுக்குள்ளும் வேறு வேறு கடிகாரம். ஒன்று வினாடிக்கு வெறும் இரண்டு எண்கள் கூட ஓடினால், ஒரு மணி நேரத்தில் 7,200 எண்கள், அதாவது 0.15 வினாடி விலகிவிடும். பைப்வயர் இதைக் கவனித்து வேகத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும், ஆனால் பதிவு நேரத்தில் அந்த வேலையை ஏன் கொடுக்கவேண்டும்? ஹெட்போனையும் இன்டர்ஃபேசிலேயே குத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கார்ட்மேல் ஆசை இருந்தால், அதில் தவறில்லை, எனக்கும் அந்தக் கார்ட்மேல் ஒரு பிரியம் உண்டு. சவுண்ட்ஃபொண்ட் (வாத்திய ஒலி மாதிரிகள்) ஏற்றி மிடி (இசைக் குறிப்புக் கோப்புகள்) வாசிக்க அருமையாக இருக்கும். ஆனால் பெயரை நம்பி வாங்காதீர்கள். சவுண்ட் பிளாஸ்டர் லைவ் 24-பிட் என்று வருவதில் சிஏ0106 என்ற வேறு சிப். அதில் ஹார்ட்வெயார் மிக்சிங் கிடையாது. டெல் கணினிகளோடு வந்த சில லைவ் கார்ட்களில் இஎம்யு10கே1எக்ஸ் என்று கடைசியில் ஓர் எக்ஸ் சேர்ந்த சிப்; அதுவும் பெரிய அண்ணனின் திறமை இல்லாத தம்பி. கார்டைக் கையில் வாங்கிச் சிப்பின்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இது பிசிஐ கார்ட். உங்கள் மதர்போர்டில் அந்தத் துளை இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள், புதிய போர்டுகளில் இல்லை. நம் பக்கத்துப் பனியும் ஈரமும் பழைய கார்டின் தங்கப்பற்களையும் ஜாக்குகளையும் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜாக்குக்குள் பச்சை பிடித்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

மாமாவிடம் இதையும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்: ஹார்ட்வெயார் மிக்சிங் மடிக்கணினிகளில் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்குள் ஒலிக்கென்று ஒரு சின்ன டிஎஸ்பி (ஒலிக் கணக்குகளைப் போடும் தனிப் பகுதி) இருக்கிறது, லினக்ஸில் சவுண்ட் ஓபன் ஃபர்ம்வெயார் அதை இயக்குகிறது. சில ஓட்டங்களை அதுவே கலக்கி, பெரிய பிராசசரைத் தூங்கவிடும். இப்போது அதன் நோக்கம் பற்றரியை மிச்சம் பிடிப்பது.

முதலில் வழுக்கிகளை 80க்கு இறக்கிவிட்டு, பாட்டையும் அறிவித்தலையும் ஒன்றாக ஓடவிட்டுக் கேளுங்கள். அப்புறமும் உடைந்தால், ‘பிஏசிடிஎல் இன்ஃபோ’வில் சேர்வர் பெயர் என்ன வந்தது, பிடபிள்யூ-டொப்பில் எந்த வரியில் பிழை ஏறுகிறது, அல்சாமிக்சரில் மைக் தூண் இருக்கிறதா, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.